வீட்டிலேயே பிராய் அடுப்பு செய்கிறேன்: எந்த இரும்பு ஆகும், எது ஆகாது?

தென்காசி_டு_டர்பன்

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் தென்காசிப் பக்கம், இப்போது வேலை நிமித்தமாகத் தென்னாப்பிரிக்காவில், டர்பனில்; ஃபீனிக்ஸ் பகுதியில் வீடு. இங்கே பிராய் அடுப்பு, அதாவது திறந்த வெளியில் கரி நெருப்பின் மேல் சுட்டுச் சாப்பிடுகிற அடுப்பு, இல்லாத வீட்டைப் பார்ப்பதே அபூர்வம். சனி ஞாயிறு சாயங்காலம் ஆனால் தெரு முழுக்கக் கரி வாசனை, நம் வீட்டில் எப்போது என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். கடையில் விற்கிற சின்ன அடுப்புகளைப் பார்த்தேன், தகடு மெல்லிசு, கையால் அழுத்தினாலே வளைகிறது. கனமாக வாங்கப் போனால் விலை கட்டுப்படியாகாது. நானே செய்துவிடலாம் என்று இறங்கிவிட்டேன். கிரைண்டர் இருக்கிறது, வெல்டிங் மெஷின் பக்கத்து வீட்டில் இரவல் கிடைக்கும்.

கையில் இருக்கும் சாமான்களைச் சொல்கிறேன். ஒரு 200 லிட்டர் டிரம், காயலாங்கடையில் எடுத்தது, அதில் முன்பு என்ன இருந்தது என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை, உள்பக்கம் பழுப்பாக ஏதோ பூச்சு இருக்கிறது. கூரை மாற்றியபோது மிஞ்சின ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசின இரும்பு), இன்னும் பளபளப்பாக இருக்கிறது. பழைய ஃப்ரிட்ஜில் கழற்றின கம்பித் தட்டுகள், டிரம்மின் வாய்க்கு அளவெடுத்துச் செய்த மாதிரி உட்காருகின்றன, அவற்றையே கிரிட்டாக, அதாவது சாப்பாட்டை வைத்துச் சுடுகிற கம்பித்தட்டாக, போடலாம் என்று நினைத்தேன். அப்புறம் வேலிக்கு அடிக்கிற கம்பி வலை கொஞ்சம்.

பிரச்சினை என்னவென்றால், கூட வேலை பார்க்கும் நண்பர் ஜி.ஐ. நெருப்பில் பட்டால் விஷப்புகை வரும், தொடவே தொடாதே என்கிறார். எதிர்வீட்டு மாமாவோ ஒரு தடவை நன்றாக எரித்துவிட்டால் போதும், அப்புறம் ஒன்றும் செய்யாது என்கிறார். வீட்டில் வயதான அம்மா இருக்கிறார், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறேன்.

செப்டம்பர் 24 ஹெரிடேஜ் டே விடுமுறைக்குள் முடிக்க ஆசை. அது புரட்டாசியில்தான் வரும், ஆகவே முதல் பிராய் மீலி (மக்காச்சோளக் கதிர்), காளான், கத்தரிக்காய், பனீர்தான். கறி எல்லாம் புரட்டாசி கழிந்த பிறகு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சாட்ஸ்வொர்த்_பட்டறை

தம்பி, முதலில் அந்த ஃப்ரிட்ஜ் தட்டை எடுத்து ஓரமாக வைத்துவிடு. நீ சொன்ன சாமான்களிலேயே எனக்குப் பயம் தருவது அதுதான், ஜி.ஐ. கூட அப்புறம்தான்.

பழைய ஃப்ரிட்ஜ் தட்டுகளில் துருப்பிடிக்காமல் இருக்க காட்மியம் பூசப்பட்டவை உண்டு. காட்மியம் 321 டிகிரியில் உருகும், 767 டிகிரியில் கொதித்து ஆவியாகும். கரி நன்றாகக் கனன்று, கொஞ்சம் காற்றும் அடித்தால் அந்தச் சூடு சாதாரணமாக வந்துவிடும். காட்மியப் புகையில் ஒரு கெட்ட குணம், மூச்சில் போகும்போது பெரிதாக எரிச்சல் காட்டாது, இருமவும் வைக்காது, ஆகவே ஆள் அங்கேயே நின்று சுவாசித்துக்கொண்டிருப்பார். பல மணி நேரம் கழித்துத்தான் நெஞ்சு அடைக்கும், நுரையீரலில் நீர் கோக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். உடம்பில் சேர்ந்த காட்மியம் சிறுநீரகத்தில் வருடக்கணக்கில் தங்கும். உன் தட்டில் இருப்பது காட்மியமா, குரோமா, துத்தநாகமா, நிக்கலா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது, இத்தனை வருடம் பட்டறையில் நிற்கிறவன் சொல்கிறேன். எது என்று தெரியாத பூச்சு சாப்பாட்டுக்கு அடியில் வேண்டாம்.

அடுத்து ஜி.ஐ. அது வெறும் இரும்புதான், மேலே துத்தநாகம் பூசியிருக்கும். உன் கூரைத் தகடு புதுசாக இருந்தால் அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சாகவும் இருக்கலாம், நம் வேலைக்கு இரண்டும் ஒன்றுதான், வேண்டாம். 200 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் இருந்தால் பூச்சு உரியத் தொடங்கும். துத்தநாகம் 420 டிகிரி பக்கம் உருகும், 907-ல் கொதிக்கும், அந்த ஆவி காற்றோடு சேர்ந்து எரிந்து வெள்ளைப் புகையாகக் கிளம்பும். பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பறக்கும், ஜி.ஐ. பைப்பை வெல்டிங் வைத்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

அந்தப் புகையைச் சுவாசித்தால் வருவதுதான் புகைக்காய்ச்சல். வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்த பிறகு, நான்கைந்து மணி நேரம் கழித்து நடுக்கம் எடுக்கும், வாயில் இனிப்பும் இரும்பும் கலந்த மாதிரி ஒரு சுவை, தாகம், உடம்பு முழுக்க அடித்துப் போட்டது போல வலி. பெரும்பாலும் ஒரு நாள், ரெண்டு நாளில் தானாகவே இறங்கிவிடும். வெல்டிங்காரர்கள் பால் குடித்தால் போதும் என்பார்கள், பாலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, புகை போவது நுரையீரலுக்கு. நடுவயதுக்காரனுக்கே அப்படி என்றால் உன் அம்மாவையும் பிள்ளைகளையும் அந்தப் புகைக்குப் பக்கத்தில் எப்படி நிறுத்துவாய்?

வேலிக் கம்பி வலையும் அநேகமாக ஜி.ஐ.தான். பூச்சு இல்லாத எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதாரண இரும்பு) தகடு வாங்கு, இங்கே இரும்புக் கடையில் கறுப்பாக, மேலே ஒரு மெல்லிய கறுப்புத் தோலோடு வரும், அந்தத் தோலால் கெடுதல் இல்லை. கரி உட்காரும் தளத்துக்கு 3 மி.மீ. போடு, பக்கச் சுவருக்கு 2 மி.மீ. போதும். கனமாக இருக்கும், ஆனால் வருடக்கணக்கில் நிற்கும்.

---

டொங்காட்_மூன்றாம்_தலைமுறை

மேலே எழுதிய அண்ணன் மேல் மரியாதை உண்டு, ஆனால் எங்கள் தாத்தா கரும்புத் தோட்டத்து லைன் வீட்டில் இருந்த காலத்திலிருந்தே பழைய ஜி.ஐ. தொட்டியில்தான் விறகு போட்டுச் சுட்டுக்கொண்டிருந்தார். அப்பாவும் அதே தொட்டிதான். வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தொட்டி இன்னும் இருக்கிறது. எல்லாவற்றையும் வேண்டாம் வேண்டாம் என்றால், ஏழைப்பட்டவர்கள் கையில் கிடைத்ததை வைத்துச் சமைத்ததெல்லாம் தப்பா? எதிர்வீட்டு மாமா சொன்ன மாதிரி ஒரு தடவை எரித்தால் சரியாகிவிடும் என்பதுதான் என் அனுபவமும்.

---

சாட்ஸ்வொர்த்_பட்டறை

ஐயா, தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். நம் பெரியவர்களுக்கு எது கிடைத்ததோ அதில் சமைத்தார்கள். ஆனால் அந்தத் தொட்டியை இப்போது போய்ப் பாருங்கள். நெருப்பு பட்ட அடிப்பக்கம் செம்பழுப்பாகத் துருப்பிடித்திருக்கும், நெருப்பு எட்டாத விளிம்பு மட்டும் சாம்பல் நிறத்தில் இருக்கும். அடியில் துருப்பிடித்திருக்கிறது என்றாலே அங்கே துத்தநாகம் இல்லை என்று அர்த்தம், அது இருக்கும் வரை இரும்பு துருப்பிடிக்காது. உங்கள் குடும்பம் அவ்வளவு வருடமும் சமைத்தது வெறும் இரும்பின் மேல்தான். பூச்சு எரிந்து போன அந்த முதல் சில நெருப்பின்போது பக்கத்தில் யார் நின்றார்கள், அன்று ராத்திரி யாருக்குக் குளிர்காய்ச்சல் அடித்தது என்று இன்றைக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது, மழையில் நனைந்தது என்று கஷாயம் வைத்துக் கொடுத்திருப்பார்கள்.

ஒரு தடவை எரித்தால் போதும் என்பதிலும் ஒரு சிக்கல். கரி குவிந்த இடத்தில் எரியும், மூலையில் எரியாது. மூலையில் பாதி வெந்து பொருக்காக நிற்கிற பூச்சு பிறகு ஒவ்வொரு தடவையும் உதிரும். காசு கொடுத்து 3 மி.மீ. எம்.எஸ். வாங்க முடிகிற ஆளுக்கு அந்த வேலை எதற்கு?

---

இஸிபிங்கோ_அக்கா

நான் பட்டறைக்காரி இல்லை, சமையல் பக்கம் இருந்து சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் நெருப்பை மட்டும் பேசுகிறீர்கள், மசாலாவை விட்டுவிட்டீர்கள்.

நம் வீடுகளில் மீனுக்குப் புளி, கோழிக்கு எலுமிச்சை, சாப்ஸுக்கு வினிகர். புளிப்பு இல்லாத மசாலா ஏது? அந்தப் புளிப்பு துத்தநாகத்தைக் கரைக்கும், அலுமினியத்தைக் கரைக்கும், செம்பையும் பித்தளையையும் கரைக்கும். நெருப்பே வேண்டாம், ஜி.ஐ. வாளியில் புளிப்பான பானத்தைக் கரைத்து வைத்துக் குடித்தவர்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த சம்பவங்கள் நிறைய உண்டு, துத்தநாகம் அளவுக்கு மேல் போனால் வயிறு தாங்காது. பித்தளைப் பாத்திரத்தில் வெள்ளீயம் பூசாமல் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்று நம் ஆயாமார் சொன்னதும் இதற்காகத்தான். இங்கே நானே பார்த்திருக்கிறேன், கல்யாண வீட்டுக்குக் கோழி ஊறப்போட இடம் போதவில்லை என்று ஜி.ஐ. தொட்டியைக் கழுவிவிட்டு அதில் கொட்டுகிறார்கள். ராத்திரி முழுக்க ஊறும். தயவுசெய்து செய்யாதீர்கள், பிளாஸ்டிக் உணவு டப்பா, எவர்சில்வர், பீங்கான், இவை போதும்.

அலுமினியத் தட்டில் வைத்துச் சுடுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். காய்கறியை எண்ணெய் தடவி வைத்தால் பரவாயில்லை, புளி மசாலாவோடு நேரமெடுத்து வைக்காதீர்கள். வெறும் அலுமினியத்தைக் கரிக்கு நேர் மேலே வைத்தால் 660 டிகிரியில் உருகிவிடும், ஓரமாக வையுங்கள்.

அப்புறம் கழுவுவது. கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். அதன் மயிர்க்கம்பி ஒன்று உடைந்து கிரிட்டில் ஒட்டிக்கொண்டால் கறியோடு தொண்டைக்குள் போய்விடும், குடலைக் குத்தி அறுவை சிகிச்சை வரை போனவர்கள் உண்டு. கிரிட் நல்ல சூடாக இருக்கும்போது பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, வெட்டின பக்கத்தால் அழுத்தித் தேயுங்கள். இந்த ஊரில் வெள்ளைக்காரர், கறுப்பர், நம்மவர் எல்லோரும் செய்வதுதான். கரி தட்டினது மிச்சம் இருந்தால் செய்தித்தாளைச் சுருட்டித் துடைத்தால் போய்விடும்.

புரட்டாசிக்குச் செய்வது ரொம்ப சந்தோஷம் தம்பி. மீலியை முதலில் மட்டையோடு வையுங்கள், பிறகு உரித்து, வெண்ணெயும் எலுமிச்சையும் மிளகாய்த்தூளும். கறிக்கும் மரக்கறிக்கும் வேறு கிரிட் செய்துவிடுங்கள், அம்மாவுக்கு நிம்மதியாக இருக்கும்.

---

மிடில்பர்க்_உருக்கு

நான் ம்புமலாங்கா மாகாணத்தில் உருக்குத் தொழிலில் இருக்கிறேன், ஆகவே கிரிட் விஷயத்தில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எவர்சில்வர் என்று நாம் ஒரே பேரில் சொன்னாலும் உள்ளே பல ரகம். சமையல் பாத்திரத்தில் வருவது பெரும்பாலும் 304, அதில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் 316 வாங்கலாம், அதில் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்புக்காற்றைத் தாங்கும். இஸிபிங்கோவுக்கு 316 பொருந்தும், ஃபீனிக்ஸ் கடலிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது, 304 போதும். அடுத்தது 430, நிக்கல் சேர்க்காதது, 16-18 சதவீதம் குரோமியம், விலை குறைவு. நிக்கல் அலர்ஜி உள்ளவர் வீட்டில் இருந்தால் நான் 430 தான் சொல்வேன். மூன்றுமே சமையலுக்கு நல்லவை. இவற்றின் மேல் பூச்சு எதுவும் கிடையாது, குரோமியம் இரும்போடு கலந்தே இருக்கிறது, ஆகவே உரிவதற்கு ஒன்றும் இல்லை. சூடு பட்டுப் பொன்னிறமாக, நீலமாக மாறும், அது மெல்லிய ஆக்சைடு படலம், பயப்பட வேண்டாம்.

நம் தென்னாப்பிரிக்கச் சரக்கு ஒன்றும் இருக்கிறது, யாரும் சொல்லவில்லையே என்று பார்த்தேன். 3சிஆர்12 என்று பேர், 1970-களின் பிற்பகுதியில் இங்கே மிடில்பர்க்கில் உருவாக்கியது, சுமார் 12 சதவீதம் குரோமியம். 304 அளவுக்கு மினுமினுக்காது, மேலே லேசாகப் பழுப்பேறும், ஆனால் எம்.எஸ். மாதிரி அரித்துப் போகாது, விலையும் 304-ஐ விடக் குறைவு. சுவரில் பதிக்கிற பிராய் பெட்டிகள் நிறைய இதில்தான் வருகின்றன. பெட்டிக்கு 3சிஆர்12, கிரிட்டுக்கு 304 என்று வைத்தால் எனக்குத் தெரிந்து அதைவிடச் சிறந்த ஜோடி இல்லை.

காந்தம் வைத்துப் பார்க்கலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். காந்தம் பாதி பதில்தான் சொல்லும். 304, 316 ஒட்டாது, வளைத்த இடத்தில் மட்டும் லேசாக ஒட்டலாம். 430-லும் 3சிஆர்12-லும் நன்றாக ஒட்டும். ஜி.ஐ.யிலும் ஒட்டும், எம்.எஸ்.ஸிலும் ஒட்டும். ஆகவே ஒட்டவில்லை, அலுமினியமும் இல்லை என்றால் நல்ல செய்தி. ஒட்டினால் இன்னும் ஒன்றும் தெரியாது. அப்போது மேல்தோலைப் பாருங்கள். ஜி.ஐ.யில் பூப்பூவாகப் படிகக் கோலம் தெரியும், பழசானால் மங்கின சாம்பல் நிறம். அரத்தால் ஓரத்தில் ராவினால் மேலே ஒரு நிறமும் அடியில் ஒரு நிறமுமாக இரண்டு அடுக்கு தெரியும். அப்படி அடுக்கு தெரிந்தால் அது எந்தப் பூச்சாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். காயலாங்கடையில் எடுக்காமல் இரும்புக் கடையில் ரகம் சொல்லிக் கேட்டு வாங்குவதுதான் நிம்மதி, பில்லில் ரகத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஒரு விஷயம் கிரிட் செய்கிறவர்கள் கவனிப்பதே இல்லை. 304 சூட்டில் நிறைய நீளும். ஒரு மீட்டர் கம்பி 400 டிகிரி கூடினால் 304 சுமார் 7 மி.மீ. நீளும், எம்.எஸ். சுமார் 5 மி.மீ.தான். 304 கம்பியை இரண்டு முனையிலும் எம்.எஸ். சட்டத்தில் வைத்து வெல்டிங் பண்ணிவிட்டால் நீள இடம் இல்லாமல் வில்லாக வளைந்துவிடும். சட்டமும் 304-லேயே செய்யுங்கள், அல்லது சட்டத்தில் துளை போட்டுக் கம்பியைச் செருகி ஒரு முனையை மட்டும் பிடித்து மறு முனையைச் சும்மா விடுங்கள். 6 மி.மீ. அல்லது 8 மி.மீ. உருண்டைக் கம்பி, இடைவெளி 12 மி.மீ. பக்கம். காளான் விழாது.

---

தென்காசி_டு_டர்பன்

எல்லோருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு விவரமாக யாரும் எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஃப்ரிட்ஜ் தட்டைக் காயலாங்கடையில் போட்டுவிடுகிறேன். ஜி.ஐ. தகடு கோழிக்கூண்டுக் கூரைக்குப் போகட்டும். இரண்டு சந்தேகம் மட்டும்.

டிரம்மை என்ன செய்வது? பெட்டி செய்வதைவிட டிரம்மை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் வேலை சுலபம், எல்லோர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. இன்னொன்று, கால்களுக்கு ஜி.ஐ. பைப் சும்மா கிடக்கிறது, அதுவாவது போடலாமா?

---

லெனேசியா_கரிக்காரர்

டிரம் பற்றி நான் சொல்கிறேன், ஜோபர்க்கில் நிறைய செய்து கொடுத்திருக்கிறேன்.

என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மில் கிரைண்டர் வைக்காதே. பெட்ரோல், தின்னர், ஆயில் என்று எது இருந்திருந்தாலும் அடியில் நான்கு சொட்டு மிச்சம் இருந்தால் போதும், உள்ளே ஆவி நிறைந்திருக்கும், கிரைண்டர் பொறி பட்டால் மூடி கழன்று முகத்தில் அடிக்கும். காலி டிரம்தானே, வாசனைகூட வரவில்லையே என்று வெட்டினவர்கள்தான் செத்திருக்கிறார்கள். பூச்சிமருந்து டிரம் என்றால் வெடிக்காவிட்டாலும் சாப்பாட்டுக்கு ஆகாது, எரித்தாலும் கழுவினாலும் நம்ப முடியாது. உன் டிரம்மை விட்டுவிடு.

டிரம்தான் வேண்டும் என்றால் சமையல் எண்ணெய், பழக்கூழ் வந்த டிரம்மாகப் பார், லேபிள் ஒட்டியே இருக்க வேண்டும், ஜி.ஐ. டிரம்மாகவும் இருக்கக் கூடாது. வெட்டும்போது, வெட்டுகிற கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிற்கிற மாதிரி நிரப்பி வைத்து வெட்டு, மின்சாரக் கிரைண்டர் தண்ணீருக்குப் பக்கத்தில் ஆபத்து, ஆகவே காற்றுக் கருவியோ கை ரம்பமோ வைத்துக்கொள்வது உத்தமம். உணவு டிரம்மிலும் உள்ளே பிளாஸ்டிக் மாதிரி ஒரு பூச்சு இருக்கும், வெளியே பெயின்ட். பழைய பெயின்ட்டில் காரீயம் இருக்கலாம், அதைத் தேய்த்துத் தூள் பறக்க விடாதே. வெட்டின பிறகு திறந்த வெளியில் பெரிய விறகு நெருப்பு போட்டு உள்பூச்சு முழுக்கச் சாம்பலாகும் வரை எரி, பிள்ளைகள் பக்கத்தில் இல்லாமல், நீ காற்று வரும் பக்கமாக நின்று. அன்று அதில் சமைக்கவே கூடாது.

டிரம் தகடு ஒரு மி.மீ. அளவுதான். கரியை நேரே கொட்டினால் சில வருடத்தில் அடி ஓட்டையாகும். அடியில் எம்.எஸ். கம்பித்தட்டு ஒன்றைத் தூக்கி வைத்து அதன்மேல் கரி போடு, காற்றும் ஓடும், சாம்பலும் கீழே விழும். ஆற்றங்கரைக் கல்லை அடுக்கி அழகு பார்க்கிறார்கள், உள்ளே ஈரம் இருந்தால் கல் வெடித்துச் சிதறும். பழைய கேஸ் சிலிண்டரை வெட்டுகிற யோசனை யார் கொடுத்தாலும் கேட்காதே.

வாஷிங் மெஷின் டிரம் ஆகுமா என்றும் கேட்பார்கள். வாஷிங் மெஷின் உள் டிரம் எவர்சில்வர் என்றால் அருமையான நெருப்புக்கூடை, பிளாஸ்டிக் வளையங்களை எல்லாம் கழற்றிவிடு. கலப்பை வட்டு கிடைத்தால் அதுவும் நல்லது, கனமான வெறும் உருக்கு, பெயின்ட்டை எடுத்துவிட்டு எண்ணெய் காய்ச்சினால் தோசைக்கல் மாதிரி ஆகிவிடும், பண்ணைக்காரர்கள் அதில்தான் முட்டையும் பன்றிக்கறியும் பொரிக்கிறார்கள்.

இரும்பு பற்றி இவ்வளவு பார்த்துவிட்டு விறகில் கோட்டை விடாதே. பழைய வேலிக்கம்பம், தோட்டத்துக் கட்டைகள் பச்சை சாயம் ஏறின மாதிரி இருந்தால் அது செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் ஏற்றின மரம். வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமானாலும் உள்ளே மருந்து அப்படியே இருக்கும். எரித்தால் புகையிலும் ஆர்சனிக், சாம்பலிலும் ஆர்சனிக், அந்தச் சாம்பலை அள்ளிக் கறிவேப்பிலை மரத்தடியில் போட்டால் கேட்கவே வேண்டாம். கடையில் மூட்டையாக வரும் செகல்பொஸ், கமீல்டோரிங் என்கிற இந்த ஊர் முள்மர விறகு, அல்லது நல்ல கரி, இவை போதும். பாலட் பலகை (சரக்கு அடுக்குகிற மரத்தட்டு) என்றால் எச்.டி. (HT, சூட்டில் பதப்படுத்தினது) முத்திரை இருக்கிறதா பார், எம்.பி. (MB) என்று இருந்தால் பூச்சிமருந்துப் புகை போட்டது, தொடாதே.

மழை வந்தால் கராஜுக்குள் இழுத்துக்கொண்டு போகிற பழக்கமும் வேண்டாம். கரிப்புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

---

சாட்ஸ்வொர்த்_பட்டறை

லெனேசியாக்காரர் சொன்னதற்கு மேல் டிரம்மில் சொல்ல ஒன்றும் இல்லை. நான் என்றால் பெட்டிதான் செய்வேன், 90-க்கு 50 செ.மீ., ஆழம் 30, உன் வீட்டுக்குத் தாராளம். கரியிலிருந்து கிரிட் 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், இரண்டு மூன்று மட்டத்துக்குத் தாங்கி வைத்துவிட்டால் மீலிக்கு ஒரு உயரம், பனீருக்கு ஒரு உயரம் என்று மாற்றிக்கொள்ளலாம்.

கால் விஷயம். ஜி.ஐ. பைப் போடலாம், அங்கே சூடு வராது, துத்தநாகம் மழைக்கு நல்லது கூட. ஆனால் வெல்டிங் வைக்காதே, வைத்தால் அந்தப் புகையை நீயே சுவாசிக்க வேண்டும். பெட்டியில் எம்.எஸ். பட்டை ஒன்றைக் கீழ்நோக்கி நீட்டி, பெட்டி அடியிலிருந்து ஒரு ஜாண் தள்ளி, பைப்பை அதில் போல்ட் போட்டு முறுக்கு. அங்கே சாதாரண வெள்ளை போல்ட் சரி. நெருப்புப் பெட்டிக்குள், கிரிட்டில், கைப்பிடி சேரும் இடத்தில் வருகிற போல்ட் எல்லாம் எவர்சில்வர் வாங்கு. மஞ்சளாக மினுக்குகிற போல்ட் பெட்டிக்குள் வேண்டாம், அந்த மஞ்சள் துத்தநாகத்தின் மேலும் வரும், காட்மியத்தின் மேலும் வரும்.

304 கம்பியை வெல்டிங் வைக்கும்போதும் வெளியில் வை, முகமூடி போடு, அந்தப் புகையில் குரோமியம் இருக்கிறது. இரவல் மெஷினோடு வருகிற ராடு எம்.எஸ். ராடாக இருக்கும், அதில் வைத்தால் ஒட்டும், ஆனால் ஒட்டின இடம் துருப்பிடிக்கும், 308 ராடு தனியாக வாங்கு. அது கஷ்டம் என்றால் கம்பியை வெட்டிக்கொண்டு சனிக்கிழமை காலை பட்டறைக்கு வந்துவிடு, நானே வைத்துத் தருகிறேன்.

---

தென்காசி_டு_டர்பன்

அண்ணே, ரொம்ப நன்றி, கண்டிப்பாக வருகிறேன். 3சிஆர்12 விசாரித்தேன், 2 மி.மீ. தகடு கிடைக்கும் என்கிறார்கள், 3 மி.மீ. சொல்லி வைத்தால்தான் வரும். தளத்துக்கு மட்டும் எம்.எஸ். 3 மி.மீ. போட்டு, சுவருக்கு 3சிஆர்12 போடலாமா, இரண்டையும் சேர்த்தால் ஏதாவது கோளாறு வருமா? உள்பக்கம் பெயின்ட் அடிக்க வேண்டுமா?

---

மிடில்பர்க்_உருக்கு

சேர்க்கலாம். ஈரம் தேங்கினால் சேர்ந்த இடத்தில் எம்.எஸ். பக்கம் சீக்கிரம் துருப்பிடிக்கும், அதனால் தளத்தை வெல்டிங் வைக்காமல் கழற்றி எடுக்கிற தட்டாக உள்ளே போட்டுவிடுங்கள். தேய்ந்தால் தட்டை மட்டும் மாற்றலாம், பெட்டியைத் தொட வேண்டாம். பெட்டியின் அடியில் 10 மி.மீ. துளை நான்கைந்து போடுங்கள், மழைத் தண்ணீர் இறங்க. சாம்பலை ஈரமாக விட்டு வைக்காதீர்கள், ஈரச் சாம்பல் இரும்பைத் தின்றுவிடும்.

உள்பக்கம் பெயின்ட் எதுவும் வேண்டாம், சூடு தாங்கும் பெயின்ட் என்றாலும் வெளிப்பக்கத்துக்கு மட்டும். தளத்துத் தட்டுக்குச் சமையல் எண்ணெய் மெல்லிசாகத் தடவி, கரி போட்டு ஒரு மணி நேரம் வெறுமனே எரித்துவிடுங்கள், கடைத்தகட்டில் தடவியிருக்கிற எண்ணெயும் அப்போதே போய்விடும். அதற்கடுத்த நாள் மீலியை வைக்கலாம்.